பட்டாவும் கிராமசபையும்: நிலத்தைக் காக்க இரண்டும் வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்தில் விவசாயம் செய்கிறவர்களைச் சுற்றி, கடந்த சில ஆண்டுகளில் எல்லைக்கோடுகள் மளமளவென்று மாறிவிட்டன. 2021-இல் திருநின்றவூர் பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தப்பட்டது. எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி பூஞ்சேரி வரை செல்லும் சென்னை எல்லைச் சாலை, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு வட்டங்கள் வழியாகப் போகும் தச்சூர் - சித்தூர் விரைவுச் சாலை என்று நிலம் கேட்கும் திட்டங்கள் வரிசையாக வந்துள்ளன.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. திருவள்ளூர் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் நம் மாநிலத்தில் 2016 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரையிலும் இதே நிலைதான் இருந்தது.

நிலத்தின் மீது அழுத்தம் கூடுகிறது. நிலத்துக்காகப் பேச வேண்டிய ஊர் மன்றம் தளர்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் நிலைமை உங்களுக்கே தெளிவாகப் புரியும். பலர், "என் கையில் பட்டா இருக்கிறது, ஊராட்சி எப்படிப் போனால் எனக்கென்ன?" என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், "ஊர் கூடித் தீர்மானம் போட்டால் போதும், யாரும் உள்ளே வர முடியாது" என்று நம்புகிறார்கள். இரண்டுமே பாதி உண்மை. தனிச்சொத்து உரிமையும் உள்ளாட்சி உரிமையும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டால் மற்றொன்று வண்டியை இழுக்காது. இதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

தேர்வாய்கண்டிகை சொல்லும் பாடம்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய்கண்டிகை, பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ஊரை ஒட்டிய சுமார் 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம் 2007-இல் தொழிற்பூங்காவுக்காக சிப்காட் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. காடுபோல் வளர்ந்திருந்த அந்த நிலத்தில்தான் ஊர் மாடுகள் மேய்ந்தன. விறகு, தழை, மூலிகை எல்லாம் அங்கிருந்தே கிடைத்தன. மழை பெய்தால் அங்கிருந்து வழிந்த நீர் ஏரிகளுக்கு வந்து வயலுக்குப் பாய்ந்தது. மக்கள் கிராமசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள், உயர் நீதிமன்றம் சென்றார்கள். பிரான்ஸ் நாட்டின் மிச்செலின் டயர் நிறுவனம் அங்கு வருவதற்கு 2009-இல் ஒப்பந்தம் ஆனது. 2012-இல் பிரான்ஸ் நாட்டு அமைப்புகளின் துணையோடு அங்குள்ள அரசு அமைப்பு வரை இந்தப் புகார் போனது. ஆனாலும் நிலம் திரும்பவில்லை.

அதே ஊரின் பெயரைத் தாங்கிய இன்னொரு திட்டத்தையும் பாருங்கள். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்துச் சென்னைக் குடிநீருக்காக 500 மில்லியன் கனஅடி கொள்ளளவில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, 2020 நவம்பர் 21-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதற்குத் தேவைப்பட்ட நிலத்தில் பட்டா நிலமும் கணிசமாக இருந்தது. அந்த விவசாயிகளும் எதிர்த்தார்கள், தொகை போதாது என்று போராடினார்கள், பணிகள் தாமதமாயின. அவர்கள் பட்ட வேதனை சிறியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அரசு அவர்களுக்கு அறிவிப்பு கொடுத்தாக வேண்டியிருந்தது, விலை பேசியாக வேண்டியிருந்தது, பணம் தந்தாக வேண்டியிருந்தது. காரணம், அவர்கள் கையில் பட்டா என்ற காகிதம் இருந்தது.

மேய்க்கால் நிலத்தை நம்பியிருந்தவர்களிடம் அந்தக் காகிதம் இல்லை. அரசுப் பதிவேட்டில் அது புறம்போக்கு. அரசு தன் நிலத்தைத் தன் இன்னொரு துறைக்கு மாற்றினால் அது நில எடுப்பே ஆகாது. எடுப்பு இல்லையென்றால் அறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை, இழப்பீடும் இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, மேய்ச்சல் நிலம், களம், தோப்பு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஊராட்சிக்குத் தருகிறது. ஆனால் உரிமை அரசிடமே இருக்கிறது. ஊராட்சி காவல்காரனாக இருக்கலாம், சொந்தக்காரனாக ஆக முடியாது.

ஆலை வந்ததால் வேலை பெற்றவர்கள் இல்லையா, தொழில் வளர வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். கேள்வி தொழில் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. இழப்பவர் யார், என்ன இழக்கிறார், அதற்கு விலை சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்பதுதான்.

மேய்க்காலுக்கு ஒரு கணக்கு

நெல்லுக்கு எக்டருக்கு 12.5 டன் தொழுவுரம் இடச் சொல்லி வேளாண் துறை பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு 5 டன். ஐந்து நாட்டு மாடுகள் பகலில் மேய்ந்துவிட்டு இரவில் தொழுவத்தில் கட்டப்பட்டால், மாட்டுக்கு 5 கிலோ வீதம் நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் சேரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 9 டன். மக்கியபின் எடை பாதியாகும் என்றாலும் ஒரு ஏக்கர் நெல்லுக்கு வேண்டியது அநேகமாகக் கிடைத்துவிடும். மேய்ச்சல் நிலம் போனால் விலைக்குத் தீவனம் வாங்க முடியாத சிறு விவசாயி மாட்டை விற்கிறார். மாடு போனால் எரு போகிறது, மண்ணின் அங்ககச் சத்து குறைகிறது, உரமூட்டைச் செலவு ஏறுகிறது.

இனி தண்ணீர். 1,127 ஏக்கர் என்பது 456 எக்டர். அதன் மீது 50 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஏரிக்கு வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்கு 45,600 கனமீட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 4,900 கனமீட்டர் தேவை. அப்படியானால் ஒரு நல்ல மழை 9 ஏக்கர் நெல்லுக்கான தண்ணீரைத் தருகிறது. வடகிழக்குப் பருவத்தில் இப்படிப் பத்து மழை பெய்தால் 90 ஏக்கர். இது ஒரு மாதிரிக் கணக்குதான். மண்ணையும் சரிவையும் பொறுத்து மாறும். ஆனால் உங்கள் ஊருக்கும் இதே முறையில் போட்டுப் பார்க்கலாம். அந்த 90 ஏக்கரின் பட்டாதாரர்கள் ஒரு சென்ட் நிலத்தைக்கூட இழக்கவில்லை. அவர்கள் பட்டா அப்படியே இருக்கிறது. தண்ணீர் வந்த வழிதான் போய்விட்டது.

பட்டா நிலத்தின் மதிப்பில் ஒரு பகுதி பட்டாவுக்கு வெளியே இருக்கிறது. ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல், மேய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் ஊர்ப்பொது. ஆகவே ஊராட்சி எப்படிப் போனாலும் எனக்கென்ன என்று பட்டாதாரர் இருந்துவிட முடியாது.

சொத்துரிமை எவ்வளவு தூரம் காக்கும்?

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி, 300-அ என்ற பிரிவில் அரசியல் சட்ட உரிமையாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியுள்ளன என்று விளக்கியது. நிலம் எடுக்கப்போவதை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். உங்கள் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பொதுநோக்கத்துக்காக மட்டுமே எடுக்க வேண்டும். நியாயமான இழப்பீடு தர வேண்டும். காலதாமதமின்றி முறையாக நடத்த வேண்டும். நடவடிக்கையை முழுமையாக முடித்து வைக்க வேண்டும். இந்த ஏழில் ஒன்று தவறினாலும் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பலம் மாறும். மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. அதில் கிராமசபைக்கும் ஊராட்சிக்கும் இடம் உண்டு. தனியார் திட்டங்களுக்கு 80 விழுக்காடு, அரசு - தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 விழுக்காடு குடும்பங்களின் சம்மதம் வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான எடுப்புகள் இந்தச் சட்டத்தின் கீழ் நடப்பதில்லை. தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1997, தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான சட்டம் 1978 ஆகிய மூன்றுக்கும் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் விலக்கு பெறப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அது செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு புதிய சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இதன் பொருள் என்ன? இழப்பீட்டுத் தொகை 2013 சட்டத்தின் அளவில் கிடைக்கும். ஆனால் சம்மதமும் சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயமில்லை. விலை உண்டு, குரல் இல்லை. பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் கிராமசபை திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியும் நில எடுப்பு வேலை நகர்வதற்கு இதுவே காரணம்.

இதற்கு மாறான ஓர் உதாரணம் ஒடிசாவில் உண்டு. நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் குறித்து கிராமசபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. 12 கிராமசபைகளும் மறுத்தன, திட்டம் நின்றது. அங்கு மக்கள் கையில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருந்தது. அதாவது ஊரின் குரலுக்குப் பின்னால் ஓர் எழுதப்பட்ட உரிமை நின்றது. தேர்வாய்கண்டிகையில் குரல் இருந்தது, எழுதப்பட்ட உரிமை இல்லை.

2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டத்தையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 100 எக்டருக்குக் குறையாத திட்டப் பகுதிக்குள் ஏரி, ஓடை, கால்வாய் இருந்தால் அவற்றையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. நீர்நிலையின் கீழ்மடையில் பயிர் செய்பவர் திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கலாம். அவருக்காக அங்கே பேசப்போவது ஊராட்சி மட்டும்தான்.

சொத்துரிமை மட்டும் இருந்தால்?

எல்லாவற்றையும் தனியுரிமை ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கும் நம் மாவட்டமே பதில் சொல்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் அடியில் உள்ள நீரையும் இறைத்துக்கொள்ளலாம் என்பதே 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் தொட்டு நடைமுறை. சென்னையின் தாகம் கூடியபோது பூண்டி, தாமரைப்பாக்கம், மீஞ்சூர் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் தண்ணீர் வாங்கியது. விற்றவருக்கு அது சட்டப்படியான வருமானம். நெல் போட்டு நட்டப்படுவதைவிடத் தண்ணீர் விற்பது மேல் என்று அவர் நினைத்ததில் தவறு காண முடியாது. ஆனால் நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. ஒருவர் இறைத்தால் பக்கத்துக் காட்டுக்காரரின் கிணறும் இறங்கும். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாயின. அங்கு பட்டாவை யாரும் பிடுங்கவில்லை. பட்டாவுக்கு அடியில் இருந்த நல்ல தண்ணீர் போய்விட்டது.

மாநில அளவில் நிலத்தடி நீருக்காக 2003-இல் இயற்றிய சட்டம் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. ஊர் அளவில் யார் எவ்வளவு ஆழம் போடலாம், எத்தனை மணி இறைக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஊராட்சிக்குத் தரப்படவில்லை. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் உலகெங்கும் பாசனச் சங்கங்களையும் மீன்பிடி ஊர்களையும் ஆராய்ந்து சொன்னது இதுதான்: பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, மீறினால் தண்டிக்கும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தால், பொதுவளம் தலைமுறைகளுக்கு நிலைக்கும். மடை திறக்க நீர்கட்டி வைத்து முறை போட்டுப் பாய்ச்சிய ஊர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

ஊர் மட்டும் இருந்தால்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய தொண்டைமண்டலத்தில் ஊர்நிலம் மிராசுப் பங்குகளாக இருந்தது. நன்செய்யைப் பங்கிட்டுக்கொண்டு, மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி போன்றவற்றைப் பங்குதாரர்கள் கூட்டாக அனுபவித்தார்கள். சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் 1810-களில் இதைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். கேட்பதற்கு நல்ல தன்னாட்சி போலத் தோன்றும். ஆனால் சேற்றில் இறங்கி உழைத்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அந்தப் பங்கில் இடமே இல்லை. தரிசை உழுது பட்டா கேட்டாலும் மிராசுதாரர்கள் மறித்தார்கள்.

இதை மாற்றியது ஊர்க்கூட்டம் அல்ல. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1892-ஆம் ஆண்டு அரசாணையும்தான் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தன. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. ஊரே எதிராக நின்றாலும் ஒருவரைக் காப்பது அவர் பெயரில் உள்ள நிலம். அந்தப் பஞ்சமி நிலங்களும் நிபந்தனையை மீறிப் பல இடங்களில் கைமாறிப் போனது, காகிதம் இருந்தும் கண்காணிப்பு இல்லாததன் விளைவு. கிராமசபை வலுப்பெற வேண்டும் என்று சொல்லும்போது, அதில் நிலமற்றவரும் குத்தகைதாரரும் பெண்களும் பயமின்றிப் பேச முடிகிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஊராட்சி நன்றாக நடந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் பக்கத்திலேயே ஊர் உண்டு. பூந்தமல்லி ஒன்றியத்தில் உள்ள குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான இளங்கோ, கிராமசபையில் திட்டம் வகுத்து, உள்ளூர்ப் பொருள்களையும் உள்ளூர் ஆட்களையும் கொண்டு வீடுகளும் வடிகால்களும் கட்ட வைத்தார். வெவ்வேறு சாதியினர் அடுத்தடுத்துக் குடியிருக்கும் வீடுகளும் அங்கு எழுந்தன. கிராமசபை என்பது கையெழுத்து வாங்கும் சடங்கு மட்டுமல்ல என்பதை அந்த ஊர் காட்டியது.

திருநின்றவூர்க்காரர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள்

ஊர் நகராட்சி ஆனதும் கிராமசபை இல்லாமல் போகிறது. ஊரக வேலைத் திட்டமும் நின்றுவிடுகிறது. அதோடு நில எடுப்பில் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் உண்டு. 2013 சட்டத்தின்படி நகர்ப்புற நிலத்துக்குப் பெருக்கல் காரணி 1. ஊரக நிலத்துக்கு, நகரத்திலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்து 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயிக்கலாம். அதன்மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை. ஏக்கர் சந்தை மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்றும், ஊரகக் காரணி 1.25 என்றும் வைத்துக்கொண்டால், ஊரக நிலத்துக்கு 25 லட்சம் வரும். நகராட்சி எல்லைக்குள் அதே மதிப்புக்கு 20 லட்சம்தான். நகரமானால் நிலத்தின் விலையும் ஏறும் என்பது உண்மையே. ஆனால் வழிகாட்டி மதிப்பு ஏறும் முன்பே அறிவிப்பு வந்துவிட்டால் இழப்பு விவசாயிக்கு. ஊராட்சிகளைப் பேரூராட்சி, நகராட்சிகளுடன் இணைக்கும் பேச்சு எழும்போது, வரி உயருமா என்பதோடு இதையும் கேளுங்கள்.

நகர்ப்புறத்தில் கிராமசபைக்கு ஈடாக ஏரியா சபா உண்டு. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அது நடக்கிறது. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்றே பெரும்பாலும் அங்கே பேச்சு போகும். திருநின்றவூர் ஏரியின் வரத்துக் கால்வாய் தூர்வாரலும், ஆக்கிரமிப்பும், ஏரியில் கலக்கும் கழிவுநீரும் அங்கே பேசப்பட வேண்டும். பயிர் செய்பவர்கள் போகாவிட்டால் யாரும் பேசப்போவதில்லை. ஏரியை ஒட்டிய குடியிருப்புகளில் மழைக்காலத்தில் தண்ணீர் புகுவதைப் பார்க்கும் நகரவாசிகளும் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் வரக்கூடியவர்களே.

என்ன மாற வேண்டும்?

நான்கு கோரிக்கைகள் நியாயமானவை. முதலாவது, உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டு முடிவதற்குள் நடக்க வேண்டும். தனி அலுவலர் காலத்தில் நில எடுப்பு, புறம்போக்கு மாற்றம் பற்றிய ஒப்புதல்களை ஊராட்சி சார்பில் தரக்கூடாது. இரண்டாவது, 1997, 2001 சட்டங்களின் கீழ் வரும் திட்டங்களுக்கும் கிராமசபையின் கருத்தைக் கேட்டு, ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மூன்றாவது, மேய்க்கால், நீர்வரத்துப் பகுதி ஆகியவற்றை வேறு துறைக்கு மாற்றுவதையும் நில எடுப்பாகவே கருதி, ஊருக்கு இழப்பீடோ மாற்று நிலமோ தர வேண்டும். ஊர்ப்பொது நிலங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. நான்காவது, நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்துவதில் ஊராட்சிக்குப் பங்கு வேண்டும்.

இப்படிச் செய்தால் எந்தத் திட்டமும் வராது என்று அதிகாரிகள் அஞ்சலாம். முன்கூட்டியே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வழக்குகளால் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நிற்பதை நாம் பார்க்கிறோம். எந்தப் பக்கம் களர், எந்தப் பக்கம் முப்போகம், எந்த ஓடையை மறித்தால் எந்த ஊர் மூழ்கும் என்பது ஊராருக்குத் தெரியும். அதைக் கேட்பது திட்டத்துக்கும் லாபம்.

நீங்கள் இப்போதே செய்ய வேண்டியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். விரிவாக்கப் பணியாளர்களும் இதில் விவசாயிகளுக்கு உதவலாம்.

1. பட்டா இறந்துபோன தந்தை, பாட்டன் பெயரில் இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். எடுப்பு அறிவிப்பு வந்தபின் ஓடினால் இழப்பீடு நீதிமன்றத்தில் முடங்கும்.

2. பட்டா, அ பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று நான்கிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

3. அடங்கலில் உங்கள் பயிர் சரியாகப் பதிவாகிறதா என்று ஒவ்வொரு பருவமும் பாருங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகம் எடுக்கும் நிலம் ஏட்டில் தரிசாக இருந்தால், அது தரிசாகவே மதிப்பிடப்படும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, மாமரம், தென்னை, குழாய்ப் பாசனம் ஆகியவற்றின் ரசீதுகளையும் படங்களையும் வைத்திருங்கள். 2013 சட்டப்படி நிலத்தோடு சேர்ந்த இவற்றுக்கும் தனி மதிப்பு உண்டு.

4. குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிவு செய்யக் கோரலாம். பதிவு இல்லையென்றால் இழப்பீட்டுப் பேச்சில் உங்கள் பெயரே வராது.

5. அறிவிப்பு வந்தால் முதலில் எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள்தான். 2013 சட்டம் என்றால் 60 நாள். மாநிலச் சட்டங்கள் என்றால் அறிவிப்பில் குறித்த நாளுக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தொகையில் உடன்பாடு இல்லையென்றால் "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதியே வாங்குங்கள். அப்படி எழுதாதவர் 2013 சட்டத்தின் கீழ் கூடுதல் தொகை கேட்க முடியாது.

6. ஊர்ப்பொது நிலங்களுக்கு ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஏரி, குட்டை, வரத்துக் கால்வாய், மேய்க்கால், களம், வண்டிப்பாதை ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், பரப்பு, அதை நம்பியுள்ள குடும்பங்கள், கால்நடைகள், பாயும் ஏக்கர் ஆகியவற்றை எழுதுங்கள். மேலே சொன்ன எருக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் சேருங்கள். அதைக் கிராமசபைத் தீர்மானமாகப் பதிவு செய்து நகல் வாங்குங்கள். நாளை வழக்கு என்று வந்தால் "எங்கள் நிலம் போகிறது" என்ற பேச்சைவிட இந்தப் பட்டியல் அதிகம் பேசும்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் இருக்கும் காலத்திலும் நீங்கள் போகலாம், பேசலாம், தீர்மானம் கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பட்டா நகல் ஒன்றையும் ஊர்ப்பொது நிலப் பட்டியலையும் கையோடு கொண்டு போங்கள். உங்கள் நிலத்துக்காக நீங்களும், உங்கள் ஊருக்காக எல்லோரும் ஒரே நாளில் பேச வேறு இடம் இல்லை.